கார்த்திகைப் பூவும் கலப்பைக் கிழங்கும்



ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்து, கார்த்திகை பிறக்கிற நேரம். பிசானத்துக்கு நட்ட நாற்று வயலில் பச்சை பிடித்து நிற்கும். இந்தச் சமயத்தில் பாளையங்கோட்டை வட்டாரத்து ஓடைக்கரைகளிலும் கிளுவை வேலிகளிலும் நெருப்புக் கொழுந்து மாதிரி ஒரு பூ தலை தூக்கி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் பச்சையாக விரியும்; பிறகு மஞ்சளாகும்; கடைசியில் செக்கச்செவேல் என்று சிவந்துவிடும். ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூ இருக்கும். சின்னப் பிள்ளைகள் பறிக்கக் கையை நீட்டினால், "ஏலே, அதத் தொடாதல, கண்ணு வலிக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள்.

ஆமாம், கண்வலிப் பூவைத்தான் சொல்கிறேன். கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் பெயர். புலவர்கள் செங்காந்தள் என்றார்கள். வைத்தியர்கள் கலப்பைக் கிழங்கு என்பார்கள். மண்ணைத் தோண்டிக் கிழங்கை எடுத்துப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று விளங்கும். இரண்டு கை விரித்து, நடுவில் வளைந்து, அசல் ஏர்க் கலப்பை போலவே இருக்கும். உழவன் பார்த்து வைத்த பெயர்தான் அது, சந்தேகமே இல்லை.

இன்றைக்கு இந்தப் பூவின் வரலாற்றைத்தான் பேசப் போகிறோம். "பூவைப் பற்றி என்ன பேச்சு? நெல்லைப் பற்றி, வாழையைப் பற்றிச் சொல்லக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வேலியில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு கொடி உலகச் சந்தைக்குப் போயிற்று. போன வேகத்தில் நம்ம வேலி காலியாயிற்று. இடையில் கிழங்கைப் பத்திரப்படுத்தி வைத்தவன் பிழைத்தான். கிழங்கை விற்றவன் மறு வருஷம் கைக்காசு போட்டு வாங்கினான். இந்தக் கணக்கு சேனைக்கும் பொருந்தும், சிறுகிழங்குக்கும் பொருந்தும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மலையில் பிறந்த பூ

நம் தமிழ் மக்களுக்கு இந்தப் பூவோடு உள்ள உறவு ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழக்கம். பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு என்று ஒரு பாட்டு இருக்கிறது. கபிலர் பாடியது. அதில் மலைநாட்டுப் பெண்கள் பறித்துக் குவித்த பூக்களை வரிசையாகச் சொல்கிறார் கபிலர். மொத்தம் 99 பூ. அந்த 99 பூவில் முதலாவதாக வருவது எது தெரியுமா? நம்ம செங்காந்தள்தான். முருகனுக்கு உரிய பூ என்றும், பெண்களின் விரலைப் போன்ற பூ என்றும் பழைய பாட்டுகளில் பல இடங்களில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூவாக இன்றைக்கு இருப்பதும் இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இந்தப் பூவை யாரும் தோட்டம் போட்டு வளர்க்கவில்லை. உரம் வைக்கவில்லை, தண்ணீர் இறைக்கவில்லை. அப்படியிருந்தும் வருஷா வருஷம் கார்த்திகை வந்தால் பூத்தது. எப்படி? பூவைப் பறித்தார்கள், கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கொடியின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ஆனி, ஆடியில் ஈரம் கண்டதும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கண் விழிக்கும். முளை மேலே வரும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பி ஆகிவிடும். அதைக் கொண்டு பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் பூ. மார்கழி, தையில் காய் முற்றும். பிறகு கொடி மஞ்சளாகி, காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். செத்துப் போயிற்று என்று நாம் நினைப்போம். சாகவில்லை. தூங்கப் போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். நட்ட கிழங்கு அப்படியே பெருத்துக்கொண்டு போவதில்லை. பழைய கிழங்கு தன்னிடம் இருந்த சத்தையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டு வற்றிப் போகும். அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகும். வருஷா வருஷம் தாய் போய்ப் பிள்ளை வருகிறது. ஆகவே ஒரு வருஷம் கொடி வாடினால் அடுத்த வருஷக் கிழங்கு சிறுத்துப் போகும். பூ நன்றாக இருக்கும்போதே கிழங்கும் தேறுகிறது என்பதை மனதில் வையுங்கள்.

கடல் தாண்டிப் போன கதை

1658-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். சில ஆண்டுகளில் கொச்சியும் அவர்கள் வசமாயிற்று. கொச்சியில் வான் ரீடு என்று ஒரு டச்சு ஆளுநர் இருந்தார். மலையாள நாட்டுச் செடிகொடிகள் அனைத்தையும் படத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் முதலானவர்களின் உதவியோடு 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' என்ற பெரிய நூலைத் தயார் செய்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகமாக அச்சாயிற்று. அதன் ஏழாம் பாகத்தில் நம்ம கண்வலிக் கொடியின் படம் இருக்கிறது, மேந்தோன்னி என்ற மலையாளப் பெயரோடு. இந்தப் பூவுக்குத் தமிழில் தோன்றி என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டு பெயரிலும் ஒரே சாயல் தெரிகிறதல்லவா? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கொடிதானே.

பிறகு 1753-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்ற அறிஞர் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, இதற்கு 'குளோரியோசா சூப்பர்பா' என்று பெயரிட்டார். மகிமையானது, மிக அழகானது என்று பொருள். நம் வேலிக் கொடிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

ஆனால் அந்தக் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அங்கே மழைக்குப் பின்னால் வருவது வெயில் இல்லை, பனி. நிலமே உறைந்து கல்லாகிவிடும். நம்ம கிழங்கு மென்மையான சாதி. உறைபனி பட்டால் வெந்த கத்தரிக்காய் மாதிரி குழைந்துவிடும். அதனால் இலையுதிர் காலம் முடிகிற சமயத்தில், பனி இறங்குவதற்கு முன்னாலேயே, கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். மண்ணை உதிர்த்து, உலர்ந்த மணலில் புதைத்து, வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைப்பார்கள். பனிக்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் காட்ட மாட்டார்கள். வசந்த காலம் வந்ததும் எடுத்துக் கண்ணாடி வீட்டில் நடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நாம் பார்க்கிற டேலியாப் பூக்கிழங்கையும் குளிர்நாடுகளில் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள்.

நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அவர்களுடைய பனிக்காலமும் நம்முடைய கோடையும் கிழங்குக்கு ஒன்றுதான். இரண்டுமே தூங்குகிற காலம். தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் விஷம். அங்கே பனிக்குப் பயந்து எடுத்து வைக்கிறார்கள். இங்கே அழுகலுக்குப் பயந்து எடுத்து வைக்கிறோம்.

இந்தப் பூ ஆப்பிரிக்காவிலும் விளைகிறது. ஜிம்பாப்வே நாட்டின் தேசியப் பூவே இதுதான். 1947-ல், அந்த நாடு தென் ரொடீசியா என்ற பெயரில் இருந்தபோது, இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்கு 21-வது பிறந்த நாள் பரிசாக இந்தப் பூவின் வடிவத்தில் வைரப் பதக்கம் செய்து கொடுத்தார்கள். ஜப்பானில் கோச்சி என்ற பகுதியில் பூங்கொத்துக்காகவே இதைக் கூடாரம் போட்டுப் பயிர் செய்கிறார்கள். நாம் தொடாதே என்று பிள்ளையை அதட்டிய பூ!

விஷமே மருந்தான விதம்

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கிற இன்னொரு கிழங்குச் செடி உண்டு. கோல்ச்சிக்கம் என்று பெயர். அது ஒரு வினோதம்: இலையே இல்லாமல் தரையிலிருந்து பூ மட்டும் நேராக எழும்பும். பார்க்க நம்ம கண்வலிப் பூ மாதிரி இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். அதன் கிழங்கும் கொடிய விஷம். அதையே மிகச் சிறிய அளவில், கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கிற மூட்டு வாத நோய்க்கு அங்கே நூற்றாண்டுக் கணக்காகக் கொடுத்து வந்தார்கள்.

1820-ல் பிரான்சு நாட்டில் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தக் கிழங்கிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைனை சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதே ஆண்டில் பிரித்தவர்களும் இவர்களே. இந்தச் சரக்குக்குப் பிற்பாடு கோல்ச்சிசின் என்று பெயர் வந்தது. பிறகு 1915-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் நம்ம கண்வலிக் கிழங்கைச் சோதித்தார்கள். அதிலும் அதே கோல்ச்சிசின் இருந்தது! ஐரோப்பாவில் சின்னஞ்சிறு கிழங்கைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, நம் வேலியில் அதே மருந்து கொடியாகப் படர்ந்து கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது.

1937-ல் இன்னொரு புதுமை. அமெரிக்காவில் பிளேக்ஸ்லி என்பவரும் அவருடைய கூட்டாளியும், இந்தச் சரக்கைச் செடியின் குருத்தில் பட வைத்தால் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் இரட்டிப்பாகின்றன என்று காட்டினார்கள். விதை வளர்ப்பவர்களுக்கு அது பெரிய ஆயுதம் ஆயிற்று. தர்பூசணியில் சாதாரணமாக 22 குரோமோசோம். கோல்ச்சிசின் வைத்து 44 ஆக்கினார்கள். இந்த இரண்டையும் கலந்தபோது 33 வந்தது. 33 சமமாகப் பிரியாது. அதனால் விதை பிடிக்காது. ஜப்பானில் கிஹாரா என்ற அறிஞர் உண்டாக்கிய விதையில்லாத் தர்பூசணி இப்படி வந்ததுதான்.

மருந்து உலகத்திலும் இதன் மவுசு குறையவில்லை. மூட்டு வாதத்துக்கு இன்றும் கொடுக்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குறிப்பிட்ட இதய நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் இதைக் கொடுக்கவும் அனுமதி தந்தது. ஆக, சரக்குக்கு உலகத்தில் தேவை இருக்கிறது. வியாபாரி நம்மைத் தேடி வருவது அதனால்தான்.

வேலி காலியான கதை

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வியாபாரிகள் கிராமம் கிராமமாக வந்தார்கள். "கண்வலிக் கிழங்கு தோண்டிக் கொடுங்கள், எடைக்குக் காசு" என்றார்கள். கூலி வேலை இல்லாத மாசி, பங்குனியில் நாலு காசு கிடைக்கிறதே என்று மக்களும் கடப்பாரையும் மம்பட்டியுமாகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? வயிறு இருக்கிறதே. காட்டில் தோண்டினார்கள், ஓடையில் தோண்டினார்கள், வேலியில் தோண்டினார்கள். பூவைப் பறித்தால் மறு வருஷமும் பூக்கும். கிழங்கைத் தோண்டினால்? வம்சமே போயிற்று. 2,000 வருஷமாக யாரும் காவல் காக்காமலே நின்ற கொடி, ஒரு தலைமுறைக்குள் பல இடங்களில் அருகிப் போயிற்று.

விதை விழுந்து முளைக்காதா என்று கேட்பீர்கள். முளைக்கும். ஆனால் விதையிலிருந்து வந்த செடி பூக்கிற அளவுக்குக் கிழங்கு கட்ட மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும். அதுவரை ஆடு மாடு மிதிக்காமல், வெட்டுப் படாமல் இருக்க வேண்டும். தோண்டுகிற வேகத்துக்கு அது ஈடு கொடுக்க முடியவில்லை.

காட்டில் குறைந்தபோதுதான் காட்டில் பயிர் செய்யும் யோசனை வந்தது. நான் இரண்டாவது சொல்கிற காடு நம்ம புன்செய்க் காடு! திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம், திருப்பூர் மாவட்டம் மூலனூர், தாராபுரம் பக்கம், கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம், கடற்கரையில் வேதாரண்யம் பக்கம் எல்லாம் விவசாயிகள் கிழங்கை நட்டு, முள்கிளுவைக் குச்சியும் கம்பியும் கட்டிக் கொடி ஏற்றினார்கள். 2000-ல் மத்திய அரசு தேசிய மருத்துவத் தாவர வாரியத்தை அமைத்தது. முதலில் கவனிக்க வேண்டும் என்று அது தேர்ந்தெடுத்த 32 மூலிகைகளில் நம்ம கலப்பைக் கிழங்கும் ஒன்று.

இந்தப் பயிரில் விவசாயிகள் கண்டுகொண்ட பெரிய உண்மை ஒன்று உண்டு. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் கூடுதல்! அப்படியானால் கிழங்கைத் தோண்டி விற்க வேண்டிய அவசியமே இல்லை. விதையை எடுத்து விற்கலாம். கிழங்கு மண்ணிலேயே இருக்கும். அடுத்த வருஷமும் பூக்கும். நான்கைந்து வருஷம் ஒரே நிலத்தில் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய காலத்து மக்கள் பூவைப் பறித்துக் கிழங்கை விட்டார்களே, அந்த வழிக்கே திரும்ப வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

விதை பிடிக்க வைப்பதிலும் நம் விவசாயிகள் கைத்திறன் காட்டினார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு வேரிடத்திலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். மகரந்தப் பைகள் எட்டி நிற்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை வெயில் ஏறுவதற்குள், மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு பூவின் சூல்முடியிலும் கையாலேயே தடவிவிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. பொறுமை வேண்டும், கண் வேண்டும். இந்த வேலைக்குத் தர வேண்டிய கூலியைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் லாபக் கணக்குப் போடக் கூடாது.

விலை விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு இருப்பது போல இதற்குக் குறைந்தபட்ச ஆதார விலை கிடையாது. வாங்குகிறவர்கள் சிலபேர்தான், சரக்கு கடைசியில் போய்ச் சேருவது பெரும்பாலும் வெளிநாட்டுக்கு. ஒரு வருஷம் உச்சத்துக்குப் போகும். மறு வருஷம் சரிந்து விழும். உச்சத்தைப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கிக் கிழங்கு வாங்கியவர்கள் சரிவில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பயிரில் முதல் வருஷச் செலவில் பெரும் பங்கு விதைக்கிழங்குக்குத்தான். சொந்தக் கிழங்கு வைத்திருப்பவனை விலைச் சரிவு காயப்படுத்தும். கடன் கிழங்கு வாங்கியவனைப் படுக்க வைத்துவிடும். கிழங்கைக் காப்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

கிழங்கைத் தூங்க வைக்கும் முறை

சரி, எப்படிக் காப்பது? அனுபவப்பட்டவர்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதலாவது, நிலம். நம்ம செவல் மண் இதற்கு ஏற்றது. கரிசலில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. மார்கழி பிறக்கிற அந்தச் சமயம்தான் இந்தக் கொடியில் காய் முற்றுகிற சமயமும். ஆகவே வடிகால் இல்லாத இடத்தில் கிழங்குப் பயிரே வேண்டாம்.

இரண்டாவது, தோண்டுகிற பக்குவம். கொடி பச்சையாக இருக்கும்போது தோண்டக் கூடாது. முழுக்கக் காய்ந்து, தானாகக் கழன்று விழ வேண்டும். அப்போதுதான் கிழங்கு முற்றியிருக்கும். கலப்பையின் இரண்டு கை நுனியிலும் ஒவ்வொரு கண் இருக்கும். அந்தக் கண்ணில்தான் அடுத்த வருஷத்துக் கொடி இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. எவ்வளவு பெரிய கிழங்காக இருந்தாலும் சரி, கண் போனால் அது வெறும் கட்டை. அதனால் கிழங்கின்மேல் கொத்தாமல், கொஞ்சம் தள்ளிக் கொத்தி, மண்ணைக் கையால் விலக்கி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, உலர்த்துவது. வெயிலில் காயப் போடாதீர்கள். மர நிழலிலோ தாழ்வாரத்திலோ ஒற்றை வரிசையாகப் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை ஆற விடுங்கள். கழுவ வேண்டாம். வெட்டுப்பட்டது, மெத்தென்று இருப்பது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் அப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

நான்காவது, வைக்கிற இடம். சாக்கில் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளே புழுங்கிக் கெட்டுப்போகும், கண்ணும் ஒடியும். காற்றோட்டமான கொட்டகையில், தரையில் உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் கிழங்கை வரிசையாக வைத்து, மறுபடி மணலைத் தூவுங்கள். ஓலைப்பெட்டியிலும் இப்படி வைக்கலாம். மழைச்சாரலும் எலியும் எட்டாத இடமாக இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்துக் கெட்டதைப் பொறுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத் தூக்கத்துக்குப் பிறகு கண் தடிப்பது தெரியும். அதுதான் கிழங்கு நமக்குச் சொல்கிற செய்தி. நடுவதற்குமுன் பூசணத்துக்கு எந்த மருந்தில் நனைப்பது என்பதை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

சேனை விதைக்கிழங்கையும் சிறுகிழங்கு விதையையும் நம் வீட்டுப் பெண்கள் இதே மாதிரிதானே நிழலில் பரப்பிக் காப்பாற்றி வந்தார்கள்? புதுப் பாடம் ஒன்றும் இல்லை. பாட்டி சொன்ன பாடம்தான்.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. தை பிறந்தால் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சேனையும் சேம்பும் மலையாகக் குவியும். திருநெல்வேலிச் சீமையில் கிழங்கு இல்லாத பொங்கல் ஏது? அதே தை, மாசியில்தான் கண்வலிக் கிழங்கும் மண்ணிலிருந்து வெளியே வருகிறது. அங்கேதான் ஆபத்து. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று உயிரை விட்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அவித்தாலும் இந்த விஷம் போகாது.

தின்ற சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரியும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. விஷம் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். இதற்கென்று தனி முறிவு மருந்து எளிதில் கிடைக்காது. அதனால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தின்ற கிழங்கில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

நம்ம பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கை முறைப்படி சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். அது படித்துத் தேர்ந்த வைத்தியரின் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நாமாக எதுவும் செய்யக் கூடாது.

ஆகவே விதைக்கிழங்கைச் சமையல் கட்டுப் பக்கமே கொண்டு வராதீர்கள். சாப்பாட்டுக் கிழங்கு வைக்கிற பெட்டியும் இதற்கு வேண்டாம். தனிக் கொட்டகை, தனிப் பெட்டி, மேலே ஒரு அடையாளம், முடிந்தால் ஒரு பூட்டு. தோண்டும்போதும் பூவைத் தொடும்போதும் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூலிக்கு வருகிற பெண்களுக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள். அறுத்த கொடியை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

உழவர் பெருமக்களே, எல்லோரும் கண்வலிக் கிழங்கு போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்குகிறவன் யார், விலை என்ன, கைச்செலவு எவ்வளவு என்று தெரியாமல் யாரும் இறங்க வேண்டாம். ஆனால் உங்கள் வேலியில் இன்னும் ஒரு கொடி மிச்சம் இருந்தால் அதைத் தோண்டிக் கொடுத்துவிடாதீர்கள். வரப்புக் கொத்தும்போது ஒரு முழம் தள்ளிக் கொத்துங்கள். பயிர் செய்கிறவர்கள் விதையை விற்கட்டும். கிழங்கை வீட்டில் வைக்கட்டும். கபிலர் காலத்திலிருந்து நம்மோடு வந்த பூ இது. பூவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கோடை முழுக்கக் கிழங்கைக் காத்து, ஆடியில் மண்ணுக்குக் கொடுக்கிற வேலை உழவனுக்குத்தான்.